தோட்டப்புறத்தில் மருத்துவம் வளர்ந்த கதை



மருத்துவ வரலாறு என்றவுடன் பெரிய நகரத்து மருத்துவமனைகளும் மேல்நாட்டு அறிஞர்களின் ஆய்வுக்கூடங்களுந்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ரப்பர்த் தோட்டத்து லயங்களுக்கும் அந்த வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. உலக மருத்துவ நூல்களில் ஏறிவிட்ட சில உண்மைகள் இந்நாட்டுத் தோட்டங்களிலும், சாலை போட வந்தவர்களின் குடிசைகளிலும் கண்டறியப்பட்டவை. அவற்றுள் ஒன்று எங்கள் ரந்தாவ் இருக்கும் இதே நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அந்த உண்மைகள் தெரிய வருவதற்கு முன்னால் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கொடுத்த விலையோ மிகப் பெரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழித்து ரப்பர் நடும் வேலை மும்முரமாக நடந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் வைத்து, அம்மைப்பால் குத்தி, நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். பினாங்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவிலோ, இன்று போர்ட் கிள்ளான் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறக்கி, தொற்றுநோய் இருக்கிறதா என்று சில நாள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். வைசூரியும் வாந்திபேதியும் நாட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதில் அரசாங்கம் அத்தனை கவனமாக இருந்தது. ஆனால் தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆயிற்று? 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிக மோசமான சில தோட்டங்களில் ஆயிரம் பேருக்கு இருநூறு பேருக்கும் மேல் ஒரே ஆண்டில் மாண்டார்கள். ஐந்து பேரில் ஒருவர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது பதில் வராத பெயர்கள் எத்தனை இருந்திருக்கும்!

இதற்குக் காரணம் சொன்னவர்கள் பலர். இவர்கள் பிறவியிலேயே பலவீனமானவர்கள் என்றார்கள். சுத்தம் தெரியாதவர்கள் என்றார்கள். சோம்பேறிகள், வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார்கள். காடு வெட்டிய இடத்து மண்ணிலிருந்து கிளம்பும் கெட்ட ஆவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். இந்தக் காரணங்கள் எவையும் நிற்கவில்லை. அவை எப்படி ஒவ்வொன்றாக விழுந்தன என்பதுதான் தோட்டப்புற மருத்துவத்தின் கதை.

முதலில் நம் சொந்த மாநிலத்தின் கதையைப் பார்ப்போம். அது நோயைப் பற்றியது மட்டுமன்று; அரிசியைப் பற்றியதுங்கூட.

பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும். நடை தள்ளாடும். மூச்சு வாங்கும். கடைசியில் இதயம் ஓய்ந்து ஆள் விழுந்துவிடுவார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் ஏராளமாக மடிந்தார்கள். இது ஒட்டுவாரொட்டி நோய் என்றும், குடியிருக்கும் கட்டடத்தின் தரையில் அதன் கிருமி ஊறிக் கிடக்கிறது என்றும் பல மருத்துவர்கள் எண்ணினார்கள். சிரம்பானில் மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்த டாக்டர் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஊரில், ஒரே வெயிலிலும் மழையிலும் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் வாழ்கிறார்கள். சீனருக்கு நோய் வருகிறது. தமிழருக்கு ஏன் அரிதாகவே வருகிறது? மூவரும் சோறுதான் உண்கிறார்கள். ஆனால் சோறு ஒன்றன்று. சீனர் உண்டது சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை வீட்டில் அவ்வப்போது குற்றி உண்டார்கள். தமிழர் உண்டது புழுங்கலரிசி.

பிராடன் தம் கருத்தை 1907-இல் ஒரு பெரிய நூலாக எழுதினார். தீட்டிய அரிசி நாள்பட்டுப் போகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் முடிவு. அந்த முடிவு பாதிதான் சரி. ஆனால் குற்றவாளி அரிசிதான் என்று விரல் நீட்டிக் காட்டியது பெரிய காரியம்.

ஏறக்குறைய அதே நேரத்தில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவருக்கு ஓர் அரிசி, இரட்டைப்படை எண் வந்தவருக்கு மற்றோர் அரிசி. ஓராண்டு முடிவதற்குள் வெள்ளைப் பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

இதையும் போதாது என்றவர்கள் இருந்தார்கள். எனவே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டேன்டன் என்ற இரு மருத்துவர்கள் 1907-இல் நம் ஜெலேபு பக்கத்துக்கு வந்தார்கள். டுரியான் தீப்புஸ் என்னும் இடத்தையொட்டி, காட்டுக்குள் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். வேலை ஒன்று, வானிலை ஒன்று, குடிசை ஒன்று. அரிசி மட்டும் வேறு. சில மாதங்களில் வெள்ளைப் பச்சரிசிக் குழுவில் பெரிபெரி தோன்றிற்று. புழுங்கலரிசிக் குழுவில் தோன்றவே இல்லை. நோய் கண்ட இடத்திலேயே புழுங்கலரிசிக்காரர்களை இருக்க வைத்துப் பார்த்தும் அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஒட்டுவாரொட்டி என்ற எண்ணம் அத்தோடு ஒழிந்தது.

புழுங்கலரிசியில் அப்படி என்ன இருக்கிறது? நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பிறகுதானே நம்மவர்கள் குற்றுவார்கள்? அவிக்கும்போது உமிக்கு அடியிலுள்ள தவிட்டுப் படலத்துச் சத்து நீரோடு சேர்ந்து அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசியைத் தீட்டினாலோ தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். 1926-இல் ஜாவாத் தீவில் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதே ஜாவாவில் 1890-களில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டு இந்நோயை முதலில் ஆராய்ந்த எய்க்மன் என்ற டச்சு மருத்துவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவித்த நெல்லை முற்றத்தில் காயவைத்த நம் கிராமத்துப் பெண்களுக்குப் பரிசு கொடுக்க யாரும் நினைக்கவில்லை. அவர்களுக்கு வைட்டமினைப் பற்றித் தெரியாது. ஆனால் செய்து வந்த காரியம் சரியான காரியம்.

இன்று பெரும்பாலான வீடுகளில் வெள்ளைப் பச்சரிசிதானே, நோய் வரவில்லையே என்று கேட்கலாம். பருப்பும் மீனும் முட்டையும் கீரையும் உடன் சேர்வதால் வருவதில்லை. சோற்றை ஒதுக்கிவிட்டுச் சம்சு குடித்தே வயிற்றை நிரப்புகிறவர்களுக்கு இந்தச் சத்துக் குறைவு இன்றும் வரத்தான் செய்கிறது.

அடுத்தது மலேரியா. நம் பெரியவர்கள் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று சொன்னார்களே, அதுதான். கொசுதான் இதைப் பரப்புகிறது என்பதற்கான முக்கியச் சான்றை 1897-இல் ரொனால்ட் ராஸ் இந்தியாவில் செகந்திராபாத்தில் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1901-இல், மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். ஊரெல்லாம் காய்ச்சல். அதே ஆண்டு திறந்த புதிய துறைமுகத்தில் வேலை செய்ய ஆளில்லை. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வாட்சன் மருந்துப் புட்டியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. சதுப்பு நிலத்துக் காட்டை வெட்டச் செய்தார். பள்ளங்களை மூடி, வடிகால் தோண்டித் தேங்கிய நீரைக் கடலுக்குள் விடச் செய்தார். பலன் என்ன தெரியுமா? கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1901-இல் 334 பேர். 1905-இல் 12 பேர். வடிகால் வெட்டாத சுற்றுப்புறத்திலோ அதே காலத்தில் 197-ஆக இருந்த எண்ணிக்கை 353-ஆக ஏறிற்று. மழையோ காலமோ மாறியதால் நோய் தானாகக் குறைந்தது என்று இனி யார் சொல்ல முடியும்?

கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். வாட்சன் பின்னர் அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களுக்கு மருத்துவரானார். கடலோரத் தோட்டங்களில் வெற்றி கண்ட அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் தோற்றது. தோற்றது மட்டுமா? காட்டை வெட்டி ஓடைகளைத் துப்புரவு செய்தவுடன் காய்ச்சல் முன்பைவிடக் கூடியது! கிள்ளானில் உயிர் காத்த வைத்தியம் குன்றுப்புறத்தில் உயிர் வாங்கிற்று. காரணம் பிறகு தெரிந்தது. கடலோரத்துக் கொசு வேறு, மலைப்புறத்துக் கொசு வேறு. அனோபிலிஸ் அம்புரோசஸ் என்ற கடலோரக் கொசு நிழலில் தேங்கிய காட்டு நீரில் முட்டையிடும். காட்டை வெட்டினால் ஒழிந்துபோகும். அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற குன்றுப்புறக் கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் வேண்டும். காட்டை வெட்டுவதே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதாகும். ரந்தாவைச் சுற்றியும் சிரம்பானுக்கு அப்பாலும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நம் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். பளிங்கு போல ஓடும் அந்த ஓடைகளைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? அழுக்குத் தண்ணீரில்தான் நோய் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. தொழிலாளியின் அசுத்தந்தான் காய்ச்சலுக்குக் காரணம் என்ற பேச்சு இங்கேதான் பொய்யாயிற்று.

இதற்கு வாட்சன் கண்ட வழி, ஓடையையே மண்ணுக்குள் மறைத்துவிடுவது. பள்ளத்தாக்குகளில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்து, நீரைத் தரைக்கு அடியிலேயே ஓடச் செய்தார். வெளியே நீர் தெரியாவிட்டால் கொசு எங்கே முட்டையிடும்? குழாய் புதைக்க முடியாத இடங்களில் வாரம் ஒருமுறை எண்ணெய் தெளித்தார்கள். கொசுவின் புழு நீர்மட்டத்துக்கு வந்துதான் மூச்சு விடவேண்டும். எண்ணெய்ப் படலம் அதன் மூச்சுத் துளையை அடைத்துவிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால்தான் வாரக் கணக்கு. முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக எண்ணெய் அடித்துத் திரிந்த தொழிலாளி காப்பாற்றிய உயிர்கள் எத்தனையோ. அவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை. வாட்சனுக்கு 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. அதற்கு அவர் தகுதியானவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்பதை வாட்சன் அளந்த விதம் ஆசிரியர்களாகிய எங்களுக்கு மறக்க முடியாதது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பார். திரும்பத் திரும்ப மலேரியா வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தின் நிலை தெரிந்துவிடும். பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை.

காய்ச்சலுக்கு மருந்து கொயினா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. உலகத்துக்கு வேண்டிய கொயினாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. பல தோட்டங்களில் காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, கண்ணெதிரே விழுங்க வைத்தார்கள். அந்தக் கசப்புக்குப் பயந்து நாக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பியவர்களும் உண்டு என்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

மூன்றாவது, கொக்கிப்புழு. சோம்பேறிகள் என்ற பழியைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அந்தப் பழிக்குப் பதில் இந்தப் புழுவிடம் இருக்கிறது. மலத்தோடு வெளியேறும் இதன் முட்டை ஈரமான நிழல் மண்ணில் பொரிக்கும். ரப்பர்க் காட்டு மண்ணைப் போல அதற்கு வாய்ப்பான இடம் வேறில்லை. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு குட்டிப் புழு உள்ளே நுழையும். நுழைந்த இடத்தில் அரிப்பு மட்டுந்தான் தெரியும். இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து, அங்கே கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சினால் உடம்பில் என்ன மிஞ்சும்? முகம் வெளுத்து, கால் வீங்கி, நாலு மரம் வெட்டியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறவரைப் பார்த்துச் சோம்பேறி என்று கங்காணி ஏசினார். துரையும் அப்படியே எழுதிவைத்தார்.

இதே பழியை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெறுங்காலோடு உழுத ஏழை வெள்ளைக்காரக் குடியானவர்களும் சுமந்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களையும் சோம்பேறிக் கூட்டம் என்றே நகரத்தார் கேலி செய்தார்கள். 1909-இல் ராக்பெல்லர் செல்வரின் பண உதவியோடு ஊர் ஊராகப் போய்ச் சோதித்தபோதுதான், கொக்கிப்புழு அவர்களுடைய இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. பின்னர் அதே ராக்பெல்லர் நிறுவனம், பனாமாக் கால்வாய் வட்டாரத்தில் பணியாற்றிய டாக்டர் டார்லிங்கின் தலைமையில் ஒரு குழுவை 1915-இல் இப்பக்கம் அனுப்பிற்று. மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் தோட்டத் தொழிலாளரின் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் அக்குழு ஆராய்ந்தது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்துகொண்டு இரத்தத்தைக் குறைத்தன. புழுவுக்கு மருந்து கொடுப்பது எளிது. ஆனால் கக்கூசு இல்லாவிட்டால், மருந்து குடித்தவர் மறுநாளே அதே மண்ணில் மறுபடி கால் வைப்பார். தோட்டத்தில் கக்கூசு கட்டுவதும் மருத்துவமே என்று அப்போதுதான் உறைத்தது.

ஆனால் கட்டுவதற்குக் காசு வேண்டுமே! எல்லா முதலாளிகளும் மனமுவந்து செய்யவில்லை. 1911-இல் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த ஆண்டு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் வந்தன. 1923-இல் அந்தத் தொகுப்பைத் திருத்தி விரிவாக்கினார்கள். தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் நிலைபெற்றதும் இந்தத் தொழிலாளர் சட்டங்களாலேதான். 1926-இல் சுகாதார வாரியங்கள் அமைத்து, தோட்டங்களிடம் வரி வாங்கி, மருத்துவ வசதிகளை ஒழுங்குபடுத்த முயன்றார்கள். செலவைக் காட்டித் தோட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். ரப்பர் விலை சரிந்த காலத்தில் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. தடுப்புக்கு ஆகும் செலவு, செத்தவர்களுக்குப் பதிலாகப் புது ஆள் கொண்டுவரும் செலவைவிடக் குறைவு என்று வாட்சன் கணக்குக் காட்டிப் பேச வேண்டியிருந்தது. மனித உயிரைப் பற்றி அப்படித்தான் பேச வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். அன்றாட வைத்தியர் டிரெசர்தான். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மிக்சர் கலப்பது, புட்டியில் காகிதம் ஒட்டி வேளைக்கு ஒரு கோடு என்று அளவு காட்டுவது, நள்ளிரவில் விளக்கைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடுவது எல்லாம் அவர் வேலை. ஓய்வுச் சீட்டு கொடுப்பதும் அவரே என்பதால், அவர் மேல் மக்களுக்கு மதிப்பும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. பின்னாளில் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் என்று பதிவு செய்தது. மருத்துவச்சிகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி எட்டாத இடங்களில் பிள்ளைப்பேறு அவர்கள் கையில்தான் நடந்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளியார் வராமல் தடுத்த நம் வழக்கத்தைச் சிலர் மூடநம்பிக்கை என்பர். நோயாளியைத் தனியே வைக்க வேண்டும் என்ற நல்ல அறிவும் அதற்குள் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

ஜப்பானியர் காலத்தில் கட்டியதெல்லாம் சரிந்தது. ஓடைகளுக்கு எண்ணெய் இல்லை, கொயினாவுக்குத் தட்டுப்பாடு, சோற்றுக்குப் பதில் மரவள்ளி. பல்லாயிரம் பேரைத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1943-இல் அந்தக் காட்டு முகாம்களில் வாந்திபேதி கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டது. காய்ச்சிய தண்ணீரும் கக்கூசும் இல்லாத இடத்தில் நோய் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

போருக்குப் பிறகு டிடிடி வந்தது. 1967 முதல் மலேரியா ஒழிப்புத் திட்டம் வீடு வீடாக நடந்தது. நோயின் வழியைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதை நம் மாநிலம் இன்னொரு முறையும் பார்த்தது. 1998-99-இல் ரந்தாவுக்குத் தொலைவில் இல்லாத புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி முதலில் புகை அடித்தார்கள். பண்ணையாட்கள் தொடர்ந்து இறந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தபோது, அது ஒரு புதிய கிருமி என்று தெரிந்தது. வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்தது அது. அங்குள்ள கம்போங் சுங்கை நீப்பாவின் பெயரே அதற்கு ஏற்பட்டது. அந்நோயால் இந்நாட்டில் மொத்தம் 105 பேர் மாண்டார்கள்.

மலேரியாவின் கதையும் முற்றிலும் முடியவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் இந்நாட்டில் உள்ளூரில் தோன்றவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி என்ற மலேரியா ஆண்டுதோறும் பலரைப் பிடிக்கிறது. காட்டோரச் செம்பனைத் தோட்டங்களிலும், புதிதாகக் காடு வெட்டும் இடங்களிலும் வேலை செய்பவர்களுக்கே இது அதிகம். மற்ற மலேரியாக் கிருமிகள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெருகும். இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். அதனால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் வீட்டில் படுத்திருப்பது ஆபத்து. அரசாங்க மருந்தகத்துக்குப் போகும்போது, காட்டோரத்தில் வேலை செய்ததையும், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால், டாக்டர் இரத்தம் எடுத்து மலேரியாவுக்குப் பார்க்கச் சொல்வார்.